பட்டாசு எங்கே வெடித்தது? காரைக்குடி நிஞ்ஜா 650 ஒன்றின் சைலன்சர் மாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2018 கவாசாகி நிஞ்ஜா 650. 649 சிசி, இரட்டை சிலிண்டர், 68 பி.எஸ்., 193 கிலோ. ஓடியிருப்பது 41,000 கி.மீ.க்குச் சற்று மேல். இருப்பது காரைக்குடியில். மாதம் இரண்டு தடவையாவது தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி வரை போய்வரும். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் சாடில் பேக். மற்ற நாட்களில் திருச்சி, மதுரை.

புகார் நான்கு. முழு எக்ஸாஸ்ட் செட்டையும் மாற்றியதிலிருந்து ஆக்சலரேட்டரை விட்டதும் பின்னால் படபடவென்று பட்டாசு. லிட்டருக்கு 23 கொடுத்த வண்டி 19-க்கு இறங்கிவிட்டது. நிமிடத்துக்கு 3,000 முதல் 4,500 சுற்றுக்குள் பிக்கப் தொய்கிறது. வலது பேக்கின் உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உருகிய ஓட்டை. செட் மாட்டிய இடத்தில் சொன்ன மருந்து ஒன்றுதான்: “ஃபியூயல் கன்ட்ரோலர் போட்டு மேப்பிங் பண்ணணும் சார், இல்லாட்டி அடங்காது.”

பெட்ரோல் அளவை மாற்றி எழுதும் அந்தப் பெட்டி கடைசிவரை வாங்கப்படவில்லை. சிலிண்டர் ஹெட்டில் கரி பிடித்து ஒட்டிக்கிடந்த ஒரு செம்பு வளையத்தை எடுத்ததில் முதல் இரண்டு புகாரும் தீர்ந்தன. மூன்றாவது பாதிக்கு மேல் தீர்ந்தது. நான்காவது வேறு கதை.

அசல் செட்டை ஏன் கழற்றினார்கள்

சத்தத்துக்காகத்தான் எல்லோரும் சைலன்சர் மாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த மாடலில் சைலன்சர் என்ஜினுக்கு அடியில் தொங்குகிறது. தரை இடைவெளி 130 மி.மீ. ஆளும் மூட்டையும் ஏறினால் பின் ஸ்பிரிங் அமுங்கி அதிலும் குறையும். செட்டிநாட்டுக் கிராமச் சாலைகளின் வேகத்தடைகளுக்கு அளவுகோல் கிடையாது. கோயில் திருவிழாவுக்கு முந்தின இரவு ஊர்க்காரர்களே மண்ணும் ஜல்லியும் போட்டு எழுப்பியவையும் உண்டு. 40,000 கி.மீ. ஓடுவதற்குள் அசல் சைலன்சரின் அடித்தகடு நசுங்கி, தாங்கும் பிராக்கெட்டின் பற்றவைப்பு விரிந்துவிட்டது.

கூடவே உப்பு. தனுஷ்கோடி சாலையில் இருபுறமும் கடல், காற்றோடு மணலும் உப்பும் வந்து என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும், முன்பக்கம் இருக்கும் பென்ட் பைப்பில்தான் முதலில் அடிக்கும். சூடான குழாயில் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். குழாய் ஆறிய பிறகு அந்த உப்பு இரவு ஈரத்தை உறிஞ்சி வேலையைத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம். குளோரைடு அதை ஆங்காங்கே துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட நம்மூர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), உலோக அரிப்பைச் சோதிக்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் தனியாக ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. இந்த வண்டி அதே கரையோரம் மாதம் இரண்டு தடவை போய்வருகிறது.

ஆகவே மாற்ற முடிவெடுத்தது சரியே. மாட்டிய விதத்தில்தான் கோளாறு.

முதலில் மாட்டியது

இரண்டு குழாய் ஒன்றாகச் சேரும் முழு செட். 304 ரக ஸ்டெயின்லெஸ் பென்ட் பைப். வலப்பக்கம் மேலேறும் குட்டை சைலன்சர். உள்ளே ஓட்டை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிநார்ப் பஞ்சு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லை. வாயிலிருந்த, சத்தத்தைக் குறைக்கும் செருகுகுழாயான டிபி கில்லரைக் கழற்றி உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆக்சிஜன் சென்சருக்கு இடம் இருந்தது, சென்சரும் மாட்டப்பட்டிருந்தது. இது முக்கியம். சென்சர் இடமே இல்லாத மலிவு செட்டுகளில் அதைக் கழற்றித் தொங்கவிட்டு, அதனால் எரியும் எஃப்.ஐ. கோளாறு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுகிற வழக்கமும் இருக்கிறது.

304-ஐ எப்படி அறிவது? காந்தம் ஒட்டினால் போலி என்பார்கள். அது அரை உண்மை. 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் வளைவுகளில் இலேசாகத்தான். ஆனால் பல கம்பெனி வண்டிகளின் அசல் பைப் 409 ரகம். குரோமியம் 11 சதவீத அளவில். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும்.

கசிவைத் தேடியது

எரிபொருள் பக்கம் போவதற்கு முன் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதே வரிசை. இதைத் தலைகீழாகச் செய்வதில்தான் பணம் கரைகிறது.

காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது கீழ் ஃபேரிங்கை இறக்கி, ஸ்டார்ட் செய்து, முதல் ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி ஊதுபத்தி காட்டினோம். சூடேறினால் உலோகம் விரிந்து சின்னக் கசிவு மூடிக்கொள்ளும். அதனால்தான் ஆறின வண்டி. பின்னால் சைலன்சர் வாயைக் கனத்த ஈரத்துணியால் ஒருவர் பாதி அடைத்துப் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் குழாய் நுழையும் ஸ்லிப் ஜாயின்ட்டில் புகை நேராக ஏறியது. வலது சிலிண்டர் ஃபிளாஞ்சிலும் (பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் தகடு) அப்படியே. இடது சிலிண்டர் ஃபிளாஞ்சின் கீழ்ப்பக்கம் பத்தியைக் கொண்டுபோனதும் புகை சிதறியது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் உள்ளே இழுக்கப்பட்டு, மறுபடி வெளியே தள்ளப்பட்டது. அந்த இழுப்புத்தான் விஷயமே.

ஆற விட்டு நட்டுகளைக் கழற்றியபோது ஃபிளாஞ்சின் கீழ் ஓரத்தில் இறகு விரித்தது போலக் கரிக்கோடு. பைப்பை இறக்கி டார்ச் அடித்தால் எக்ஸாஸ்ட் துவாரத்தின் உள்விளிம்பு வழவழவென்று கறுப்பாக, ஹெட்டின் வார்ப்பே அப்படித்தான் என்பதுபோல் இருந்தது. ஓரத்தில் ஊசியால் கீறிப் பார்த்ததும் செம்பு நிறம் மின்னியது. கசிவை அடைக்கும் பழைய பேக்கிங் வளையம். அசல் பைப்பைக் கழற்றியபோது அது துவாரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதுப் பேக்கிங்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வலது பக்கம் ஒரு வளையம், இடது பக்கம் இரண்டு. இடது ஃபிளாஞ்ச் முழுதாக உட்கார முடியாமல் சாய்ந்து, மேல்பக்கம் இறுகி, கீழ்ப்பக்கம் திறந்து கிடந்தது.

இந்தத் தவறு அபூர்வமானதல்ல. செம்பு வளையம் ஒருமுறை நசுங்கிச் சூடேறினால் ஹெட்டின் பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும், கரி மூடினால் கண்ணுக்குத் தெரியாது. சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவரை வளையத்தின் உள்விளிம்பில் கொடுத்து இரண்டு மூன்று இடத்தில் மெல்ல நெம்பினால் வந்துவிடும். ஹெட் அலுமினியம், பள்ளத்தின் முகத்தில் கீறல் விழுந்தால் அடுத்த பேக்கிங்கும் கசியும்.

கசிவு எப்படிப் பட்டாசாகிறது, எப்படி மைலேஜைத் தின்கிறது

இந்த என்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 180 பாகை. இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை: ஒன்று, 180 பாகையில் மற்றது, பிறகு 540 பாகை சும்மா. ஐடிலில் 1,300 சுற்று என்று வைத்தால் முதல் இடைவெளி 23 மில்லி நொடி, அடுத்தது 69. ஒவ்வொரு வெடிப்பின் வாயுவும் குழாயில் ஓடிப்போனதும் அதன் பின்னால் அழுத்தம் தாழ்கிறது. ஆக்சலரேட்டரை மூடிய நிலையில் வாயுவும் குறைவு, அந்த நீண்ட இடைவெளியில் வெளிக்காற்று ஓட்டை வழியே உள்ளே வர நேரமும் உண்டு. எரியாத பெட்ரோல் கொஞ்சம், புதிதாக வந்த காற்று கொஞ்சம், சுடச்சுடக் குழாய். பட்டாசு வெடித்தது சைலன்சரில். திரி கிள்ளியது ஃபிளாஞ்சில்.

இதே மாடலில் புகைக் கட்டுப்பாட்டுக்காக எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் காற்றுவிடும் ரீட் வால்வு அமைப்பும் இருக்கிறது. பட்டாசுச் சத்தம் என்றால் உடனே அதைத் தகடு வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது புகைக் கட்டுப்பாட்டுக் கருவி, அடைப்பது சரியல்ல. அதோடு சத்தம் பாதி குறைந்து கசிவு மறைந்துகொள்ளும், கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும்.

மைலேஜ் விஷயம் இன்னும் நேரடியானது. கசிவு சென்சருக்கு முன்னால் இருந்தது. உள்ளே புகுந்த காற்றின் ஆக்சிஜனைச் சென்சர் பார்த்து, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. ஈசியூ அதை நம்பி பெட்ரோலைக் கூட்டுகிறது. என்ஜினுக்குள் கலவை ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. கூட்டியது அத்தனையும் வீண். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை புகைக்கறுப்பு. இந்த நிலையில் கன்ட்ரோலர் போட்டு மேப்பிங் செய்தால், பொய் சொல்லும் சென்சரை வைத்து ஒரு பொய்க் கணக்கு எழுதியதாகும்.

பிக்கப் தொய்வில் பாதிக்கு மேல் இதே காரணம். மீதி குழாய் அகலம். “பேக் பிரஷர் வேண்டும்” என்று பட்டறைகளில் சொல்வது சரியான விளக்கம் அல்ல; எதிரழுத்தம் எந்த என்ஜினுக்கும் நன்மை செய்வதில்லை. குழாய் அகலமானால் வாயுவின் வேகம் குறைகிறது, அடுத்த வெடிப்பின் கழிவை இழுத்துச்செல்லும் அலை பலவீனமாகிறது. 8,000 சுற்றில் ஓட்டுபவருக்கு அது ஆதாயம். மூட்டை கட்டி 4,000-ல் போகிறவருக்கு நஷ்டம்.

திரும்ப மாட்டியது

பென்ட் பைப் நல்லதாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம். ஃபிளாஞ்ச் முகங்களைக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்ததில் வளைவு இல்லை. புதிதாக வாங்கியவை: எக்ஸாஸ்ட் பேக்கிங் 2, எம்8 ஸ்டட் (நட்டு ஏறும் தலையில்லாத போல்ட்) 4, நட்டு 4, சைலன்சரைத் தாங்கும் தொங்கல் ரப்பர் 2, ஸ்லிப் ஜாயின்ட் கிளாம்ப் 1, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள இணைப்புக் குழாய் 1, டிபி கில்லரோடு கூடிய, முன்னதைவிட நீளமான சைலன்சர் 1. பேக்கிங் இரண்டும் சில நூறு ரூபாய்தான்.

ஸ்டட்டில்தான் ஒரு பொழுது போனது. முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தும், வலது சிலிண்டரின் வெளிப்பக்க ஸ்டட் நட்டோடு சேர்ந்து திருகி முறிந்தது. உப்புக்காற்றில் இரும்பு ஸ்டட்டும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்திருக்கும் இடம் மின்வேதி அரிப்புக்கு வசதியானது. மரையில் வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்ளும். ஹெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது 6 மி.மீ. மட்டும். இப்படி மிச்சம் இருந்தால் டிரில்லை எடுக்கவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஈசியூ கனெக்டரையும் பிரித்துவிட்டு, முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து நடுத்துளை வழியாக ஆர்கான் வெல்டிங். வெல்டிங் சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும், பிடி தளரும். சிவப்பு மறைந்து சூடு தணிந்துவரும்போது மரை ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். பிறகு ஸ்பானரைக் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஒரே மூச்சில் கழற்ற நினைத்தால் மறுபடி முறியும். கால் மணி நேரத்தில் வந்தது. மரையை எம்8 டேப்பால் சுத்தம் செய்து, புது ஸ்டட்டுகளுக்கு மரை ஒட்டிப்போகாமல் காக்கும், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை மெல்லத் தடவி ஏற்றினோம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. வேலை நடந்த இடம் வீட்டு முன்கூடம், தரை ஆத்தங்குடி. அது சுட்ட ஓடல்ல, சிமென்ட்டும் நிறமும் கலந்து கையால் வார்த்த கல். எண்ணெய் குடித்தால் கறை போகாது. கோணியின் மேல் பிளாஸ்டிக் விரித்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும், பிரேக் கிளீனர் அடிப்பதைத் தெருவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டும் வரிசையில் பிடிவாதம் தேவை. பேக்கிங் கீழே விழாமல் இருக்க ஒரு பொட்டு கிரீஸ் வைத்து பள்ளத்தில் ஒட்டி, பென்ட் பைப், இணைப்புக் குழாய், சைலன்சர், தொங்கல் போல்ட் எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் திருக வேண்டும். எல்லாம் இழுப்பு இல்லாமல் தானாக இடத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானர். முதலில் ஹெட் பக்கத்து நட்டுகள், இரண்டையும் மாறிமாறிக் கால் சுற்றாக, ஃபிளாஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்கும்படி. எம்8 எக்ஸாஸ்ட் நட்டுக்கு 17 முதல் 20 நியூட்டன் மீட்டர் வழக்கம். மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு. பசை தடவிய மரை அதே முறுக்கில் அதிகம் இறுகும் என்பதால் கீழ் எண்ணோடு நிறுத்தினோம். அடுத்து கிளாம்ப். கடைசியில்தான் தொங்கல். தொங்கலை முதலில் இறுக்கினால் குழாய் வில்லாக வளைந்து நிற்கும். 500 கி.மீ. ஓடினாலும் ஒன்றும் தெரியாது, 5,000-ல் பிராக்கெட் பற்றவைப்பு விரியும்.

முதல் மாட்டலில் தொங்கல் போல்ட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததற்கும் இதுவே காரணம். சாய்ந்த ஃபிளாஞ்ச் காரணமாகச் சைலன்சர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்க, அதை நெம்புகோல் கொடுத்து இழுத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். கை பலத்தால் துளையைச் சேர்க்க வேண்டிவந்தால் வேறெங்கோ எதுவோ சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

சென்சர் எம்18 மரை, 22 மி.மீ. பிளந்த சாக்கெட். மரையில் மட்டும் பசை, முனையில் படவே கூடாது. சாதாரண சிலிக்கான் பசையை எக்ஸாஸ்ட் இணைப்புகளில் தடவினால் அதிலிருந்து கிளம்பும் ஆவி சென்சரைக் கெடுக்கும்; சென்சருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். முன்பு சென்சர் ஒயரைப் பென்ட் பைப்புக்கு ஓரமாக பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தார்கள். டை உருகி ஒயர் மேல் ஒழுகியிருந்தது. புதிதாகச் சட்டத்தின் உள்பக்கமாகக் கொண்டுபோய் ஸ்டீல் கிளிப் போட்டோம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் குழாய் முழுவதையும் அசிட்டோன் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கைரேகை அப்படியே சுட்டுப் பதிந்துவிடும். 304 குழாய் 300 பாகை செல்சியஸ் சுமாருக்கு வைக்கோல் மஞ்சளாகும், 540-க்கு மேல் நீலமாகும். இரண்டு குழாயும் ஒரே நிறத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் நீலமாகப் போனால் அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் குறைகிறது அல்லது பக்கத்தில் கசிவு. 100 கி.மீ. ஓட்டி, ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி ஒருமுறை அதே முறுக்கில் பிடிக்க வேண்டும். பேக்கிங் நசுங்கி இடம் விட்டிருக்கும். இந்த வண்டியில் நான்கில் மூன்று நட்டு கொஞ்சம் திரும்பியது.

சத்தமும் தெருவும்

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் வைக்கும். தெருவின் இருபுறமும் உயரமான, வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். விடிகாலை ஐந்து மணிக்கு கானாடுகாத்தான் தெருவில் டிபி கில்லர் இல்லாத இரட்டை சிலிண்டரை ஸ்டார்ட் செய்தால் சத்தம் போக இடமில்லாமல் சுவருக்குச் சுவர் மோதி நிற்கும். திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர் எழுந்து உட்காருவார். அவர் கேட்கும் கேள்விக்கு மேப்பிங் பதிலாகாது.

சட்டமும் அவர் பக்கம். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்குத் தயாரிப்பு நிலையில் ஓடும்போதான ஒலி வரம்பு 80 டெசிபெல். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ன்படி ஒலி, புகை விதிமீறலுக்கு முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. உரிமம் மூன்று மாதம் தகுதியிழக்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர்மேல் பிரிவு 182ஏ(4) தனி. மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் காப்பீட்டுக் கோரிக்கையிலும் தகராறு வரும். ஆகவே டிபி கில்லர் திரும்பவும் உள்ளே போனது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சேர்ந்தது. சத்தம் தாழ்ந்து அடித்தொண்டைக்கு வந்தது. நசுங்கிய அசல் செட்டைக் கிலோ கணக்கில் போடாமல், கழுவி எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றி மச்சில் வைக்கச் சொன்னோம். அடித்தகட்டை மாற்றிப் பற்றவைத்தால் அது மறுபடி மாட்டக்கூடியது, எஃப்.சி. (தகுதிச் சான்று), விற்பனை என்று வரும்போது கேட்பார்கள்.

சைலன்சர் பஞ்சு தேய்பொருள். 10,000 முதல் 15,000 கி.மீ.க்குள் பிரித்துப் பார்த்து மாற்றாவிட்டால் பஞ்சு கரைந்து சத்தம் ஏறும், வெளித்தகடும் அதிகம் சுடும்.

பேக்கும் மீதியும்

உருகிய பேக்குக்குக் காரணம் குட்டை சைலன்சரின் வாய் நேராகப் பேக்கின் பின்மூலையைப் பார்த்தது. நைலான் 220 பாகையிலேயே உருகும். நீளமான சைலன்சரில் வாய் பேக்கைத் தாண்டிவிட்டது. சைலன்சர் தகட்டிலிருந்து 12 மி.மீ. காற்றிடைவெளி விட்டு அலுமினிய மறைப்பும், பேக் உள்ளே ஆடிச் சாயாமல் இருக்க இரும்புத் தாங்கியும் போட்டோம். மறைப்பைச் சைலன்சரோடு ஒட்ட வைத்தால் பயனில்லை. காக்கும் வேலையைச் செய்வது அந்த இடைவெளிக் காற்றுதான்.

ஆயிரம் கி.மீ. ஓட்டிய பிறகு மைலேஜ் 22 முதல் 23. பட்டாசு அடங்கிவிட்டது, குளிர்ந்த என்ஜினில் எப்போதாவது ஒரு இலேசான புடபுட, அது இந்த மாடலின் சுபாவம். 3,500 சுற்றுக்குக் கீழே அசலைவிடச் சற்றுத் தளர்வு இன்னும் இருக்கிறது. அது குழாய் அகலம் கொடுத்தது. ஆள் ஏற்றியிருக்கும்போது ஒரு கியர் முன்னதாகவே இறக்கி ஓட்டுகிறார்கள். சைலன்சர் மேலே போனதால் அடியில் வேகத்தடை தட்டுவதில்லை, ஆனால் பென்ட் பைப்பின் கீழ் வளைவு இன்னும் தாழ்ந்துதான் நிற்கிறது. பின் ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை (ப்ரீலோடு) மூட்டைக்குத் தக்கபடி கூட்டிவைப்பதும், தனுஷ்கோடியிலிருந்து திரும்பிய அன்றே, குழாய் ஆறியதும், நல்ல தண்ணீரால் முன்பக்கத்தைக் கழுவிவிடுவதும் உரிமையாளரின் வேலை. சோப்பு தேவையில்லை, ஒரு வாளித் தண்ணீர் போதும்.